இன்ஜின் ‘மிஸ்’ அடிக்கிறதா? பாகத்தை மாற்றும் முன் கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் பேச்சில் அடிக்கடி அடிபடும் சொல் ‘மிஸ்ஸிங்’. வண்டி குலுங்கினால் மிஸ்ஸிங். பிக்கப் குறைந்தால் மிஸ்ஸிங். ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் படபடவென்று சத்தம் வந்தால் அதுவும் மிஸ்ஸிங். அடுத்த நிமிடமே ஒருவர் ‘காயிலை மாத்துங்க’ என்பார், இன்னொருவர் ‘பிளக் போயிருக்கும்’ என்பார், மூன்றாமவர் இன்ஜெக்டரைக் கை காட்டுவார். மூவரில் ஒருவர் சொல்வது சரியாகக்கூட இருக்கலாம். ஆனால் மூவருமே ஊகிக்கிறார்கள். ஊகத்தை நம்பி ஒவ்வொரு பாகமாக மாற்றிக்கொண்டே போனவர்கள், எல்லாவற்றையும் மாற்றி முடித்த பிறகும் அதே நடுக்கத்தோடு நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அந்த ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

‘மிஸ்ஸிங்’கின் முறையான பெயர் மிஸ்ஃபயர். மிஸ்ஃபயர் என்றால், பெட்ரோல் எரியும் அறையான சிலிண்டருக்குள் எரிய வேண்டிய நேரத்தில் எரியவில்லை, அல்லது அரைகுறையாக எரிந்தது என்று பொருள். அவ்வளவுதான். எந்தப் பாகம் கெட்டது என்பதை அந்தச் சொல் சொல்வதே இல்லை. வகுப்பறையின் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். இன்று நான்காம் எண் மாணவன் வரவில்லை என்று அது சொல்லும். அவனுக்கு உடம்பு சரியில்லையா, பஸ் கிடைக்கவில்லையா என்று அதில் இருக்காது. அதைத் தெரிந்துகொள்ள அவன் யார், எந்தெந்த நாட்களில் வராமல் போகிறான் என்று பார்க்க வேண்டும். இன்ஜினிலும் அதே இரண்டு கேள்விகள்தான்: எந்த சிலிண்டர்? எப்போது?

சைக்கிள் மிதியில் கால் வழுக்கினால்

சைக்கிளில் மேடு ஏறும்போது இரண்டு கால்களும் மாறி மாறி மிதியை அழுத்துகின்றன. ஒருமுறை கால் வழுக்கிவிட்டால் அந்தக் கணம் சைக்கிள் தொய்கிறது. அடுத்த கால் அழுத்தியதும் வெடுக்கென்று முன்னேறுகிறது. மிஸ்ஃபயரில் நீங்கள் உணரும் குலுக்கல் இதே வகைதான். இன்ஜினில் காலின் வேலையைச் செய்வது பிஸ்டன். மிதி பூட்டிய அச்சின் வேலையைச் செய்வது கிராங்க் ஷாஃப்ட், அதாவது பிஸ்டன்களின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு.

ஒவ்வொரு பிஸ்டனும் நான்கு அசைவுகளில் ஒரு சுற்றை முடிக்கிறது. காற்றையும் பெட்ரோலையும் உள்ளிழுக்கிறது, அமுக்குகிறது, எரிந்த வாயு தள்ள இறங்குகிறது, புகையை வெளியே தள்ளுகிறது. இதற்கு கிராங்க் இரண்டு முறை சுழல வேண்டும். நான்கு அசைவுகளில் மூன்றாவது மட்டும்தான் சம்பாதிக்கிறது, மற்ற மூன்றும் செலவு. சம்பாதிக்க வேண்டிய அந்த ஒரு அசைவு வெறுமையாகப் போனால், அந்த சிலிண்டரை மற்ற சிலிண்டர்கள் சுமக்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். கிராங்க் நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதே ஆர்பிஎம். ஐடிலிங்கில், அதாவது வண்டி நிற்க, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது, 800 ஆர்பிஎம் என்றால் ஒரு சிலிண்டர் நிமிடத்துக்கு 400 முறை, அதாவது வினாடிக்கு ஏறத்தாழ 7 முறை எரிகிறது. 8000 ஆர்பிஎம்மில் அது வினாடிக்கு 67 ஆகிறது. நான்கு அசைவுகளும் சேர்ந்து முடிய 15 மில்லிசெகண்ட்தான் கிடைக்கிறது. ஆறு சிலிண்டர் இன்ஜினில் வினாடிக்கு 400 முறை தீப்பொறி விழுகிறது. அதில் ஒன்று தவறினாலும் கணக்கில் விழும் என்று நினைத்தால், இது எவ்வளவு நுணுக்கமான ஒழுங்கு என்று புரியும்.

ஐடிலிங்கில் தவறினால் ஸ்டீயரிங்கும் சீட்டும் நடுங்கும். இரண்டு எரிதல்களுக்கு இடையே நேரம் அதிகம் என்பதால் அந்த வெற்றிடம் உடம்புக்குத் தெரிகிறது. வேகமாகச் சுழலும்போது அதே தவறல் இழுவை மந்தமாவதாக மட்டும் தோன்றும். நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று நின்றுபோனால் வலுவில் கால் பங்கு போய்விடுகிறது, யாருக்கும் தெரியும். பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினில் ஒன்று நின்றால் ஓட்டுபவருக்குச் சந்தேகம்கூட வராமல் போகலாம்.

இதுவரை பார்த்தது: மிஸ்ஃபயர் என்பது கிராங்கைத் தள்ள வேண்டிய ஓர் உதை தவறிப்போவது. அது தவறும் கணத்தில் கிராங்க் துளி மந்தமாகிறது. இந்த ‘துளி மந்தம்’ என்பதை நினைவில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

எரிய மூன்றும் கூட வேண்டும்

கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போது லைட்டர் சொடுக்கியும் தீ வராமல் போவதுண்டு. லைட்டரில் பொறி வராமல் இருக்கலாம். கேஸ் வராமல் இருக்கலாம். காற்று வேகமாக அடித்து கேஸைக் கலைத்திருக்கலாம். பார்ப்பவருக்கு விளைவு ஒன்றுதான்: பற்றவில்லை. இன்ஜினுக்குள் இதோடு இன்னொரு நிபந்தனையும் சேர்கிறது: கலவை நன்றாக அமுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆக பொறி, கலவை, அமுக்கம் ஆகிய மூன்றும் சரியான நேரத்தில் கூட வேண்டும்.

பொறியைத் தருவது ஸ்பார்க் பிளக். அதன் நுனியில் இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. பெரும்பாலும் 0.6 முதல் 1.1 மில்லிமீட்டர் வரை. அதைத் தாண்டி மின்சாரம் குதிக்கும்போது பொறி உண்டாகிறது. பேட்டரியின் 12 வோல்ட்டுக்கு அந்தத் தாவல் சாத்தியமே இல்லை. அதைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தித் தருவதுதான் இக்னிஷன் காயில். இன்றைய கார்களில் பெரும்பாலும் பிளக்குக்கு ஒன்றாக, அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கும். பழைய முறையில் ஒரே காயில் எல்லா பிளக்குகளுக்கும் மின்சாரம் தந்தது. ஆறு சிலிண்டர், 8000 ஆர்பிஎம் என்றால் இரண்டு பொறிகளுக்கு நடுவே அந்தக் காயிலுக்குக் கிடைப்பது 2.5 மில்லிசெகண்ட். அதற்குள் முழுதாகச் சார்ஜ் ஆவது கடினம். ஆளுக்கொரு காயில் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கலவை என்பது காற்றும் பெட்ரோலும் சேர்ந்தது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று தேவை. பெட்ரோல் குறைவான கலவையை ‘லீன்’ என்றும் அதிகமான கலவையை ‘ரிச்’ என்றும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் அளவு மீறினால் பற்றாது. லீன் பக்கம் போனால் சீக்கிரமே தகராறு வரும். பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது இன்ஜெக்டர்.

அமுக்கம், அதாவது கம்ப்ரஷன், பிஸ்டன் மேலேறும்போது கலவை எவ்வளவு இறுக்கமாக நெருக்கப்படுகிறது என்பது. காற்றும் புகையும் போகும் வழிகளைத் திறந்து மூடும் வால்வுகள் ஒழுங்காக மூடாவிட்டாலோ, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகள் தேய்ந்தாலோ அமுக்கம் கசிந்துவிடும். பொறியும் கலவையும் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

மிஸ்ஃபயர் என்று தவறாக அழைக்கப்படுபவை

இங்கே ஒரு குழப்பத்தை அகற்றிவிட வேண்டும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் சைலன்சரில் கேட்கும் வெடிச்சத்தம் பல ஸ்போர்ட்ஸ் கார்களில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. கொஞ்சம் பெட்ரோல் எக்ஸாஸ்ட் குழாய்க்குள் போய் எரியும்படி கணினியில் எழுதியிருப்பார்கள். அதற்காக யாரும் பிளக்கைக் கழற்ற வேண்டாம்.

இன்ஜின் தன் உச்ச வேகத்தைத் தொட்டதும் தடதடவென்று வெட்டி வெட்டி ஓடுவது ரெவ் லிமிட்டர். இன்ஜினைக் காப்பாற்ற பெட்ரோலையோ பொறியையோ கணினியே நிறுத்துகிறது. ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கும்போது டிராக்‌ஷன் கண்ட்ரோல் செய்வதும் ஏறத்தாழ இதே வேலை. உணர்வு மிஸ்ஃபயர் போலவே இருக்கும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் விளக்கு அந்த நேரம் மினுக்குகிறதா என்று பார்த்தாலே பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

இவற்றோடு ‘நாக்கிங்’ என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நாக்கிங்கில் கலவை எரியத்தான் செய்கிறது. ஆனால் அதன் ஒரு பகுதி தீச்சுடர் வந்து தொடும் முன்பே தானாக வெடித்து, உலோகத்தைத் தட்டுவது போலக் கணகணவென்று சத்தம் தருகிறது. மிஸ்ஃபயர் எரியாத கோளாறு. நாக்கிங் தாறுமாறாக எரியும் கோளாறு. முதலாவதுக்குச் செய்யும் வைத்தியம் இரண்டாவதுக்குப் பலிக்காது.

கணினி எப்படிக் கண்டுபிடிக்கிறது?

பலரும் நினைப்பது போல, பொறி வந்ததா என்று கணினி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் எட்டிப் பார்ப்பதில்லை. இன்ஜினை நிர்வகிக்கும் கணினியை இசியூ என்பார்கள். பெரும்பாலான கார்களில் அது பார்ப்பது கிராங்கின் வேகத்தை மட்டும்தான்.

கிராங்கோடு சேர்ந்து ஒரு பற்சக்கரம் சுழல்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு வடிவத்தில் 60 பற்களுக்கான இடம் இருக்கும், இரண்டு பற்கள் மட்டும் வேண்டுமென்றே விடப்பட்டிருக்கும். பல்லுக்குப் பல் 6 டிகிரி. அந்த இரட்டை வெற்றிடம், கிராங்க் இப்போது எங்கே இருக்கிறது என்பதற்கான அடையாளம். ஒவ்வொரு பல்லும் கடக்கும் நேரத்தை ஒரு சென்சார் அளக்கிறது. மூன்றாம் சிலிண்டர் உதைக்க வேண்டிய பகுதியில் பற்கள் வழக்கத்தைவிடத் தாமதமாகக் கடந்தால், மூன்றாம் சிலிண்டர் உதைக்கவில்லை என்று இசியூ குறித்துக்கொள்கிறது. மேலே சொன்ன ‘துளி மந்தம்’ இதுதான்.

இந்தக் குறிப்புகள் எண்ணிக்கையாகச் சேர்கின்றன. கிராங்கின் ஒவ்வொரு 200 சுழற்சிக்கும் ஒருமுறையும், ஒவ்வொரு 1000 சுழற்சிக்கும் ஒருமுறையும் இசியூ கணக்குப் பார்க்கிறது. 200 சுழற்சிக்குள்ளேயே எக்ஸாஸ்ட் பகுதிக்கு ஆபத்து வரும் அளவுக்குத் தவறல்கள் சேர்ந்தால் டாஷ்போர்டில் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு மின்னி மின்னி எரியும். 1000 சுழற்சிக் கணக்கில் புகையின் மாசு வரம்பு மீறும் அளவுக்குத் தவறல்கள் தொடர்ந்தால் விளக்கு நிலையாக எரியும். கூடவே ‘கோடு’ (code) எனப்படும் கோளாறு எண் ஒன்றும் பதிவாகும். பி0300 என்றால் பல சிலிண்டர்களில் ஒழுங்கில்லாமல் தவறுகிறது. பி0301 தொடங்கி வரும் எண்களில் கடைசி இலக்கங்கள் சிலிண்டரைச் சொல்லும்; பி0304 என்றால் நான்காம் சிலிண்டர். இந்தக் குறியீட்டு முறைக்கு ஓபிடி-2 என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் முதல் எல்லா கார்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டு, பிறகு மற்ற நாடுகளிலும் இதையொட்டிய முறைகள் பரவின.

கிராங்கின் வேகத்தை மட்டும் பார்ப்பதால் இசியூ ஏமாறவும் கூடும். குண்டும் குழியுமான சாலையில் சக்கரங்களிலிருந்து வரும் உலுக்கல் கிராங்க்வரை போய்ச் சேரும். ஃப்ளைவீல் என்பது கிராங்கின் ஓட்டத்தைச் சீராக்கும் கனத்த சக்கரம். பந்தய ஓட்டத்துக்காக அதை எடை குறைந்ததாக மாற்றியவர்களுக்கு, இன்ஜினில் எந்தக் கோளாறும் இல்லாமலேயே மிஸ்ஃபயர் கோடு வருவதுண்டு. ஃப்ளைவீல் லேசாகிவிட்டால் சாதாரண ஏற்ற இறக்கங்களும் இசியூவுக்குப் பெரிதாகத் தெரியும்.

இந்தப் பகுதியில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். பி0304 என்ற எண்ணுக்கு ‘நான்காம் சிலிண்டரின் காயில் கெட்டது’ என்று பொருள் இல்லை. ‘நான்காம் சிலிண்டர் தள்ள வேண்டிய இடத்தில் கிராங்க் மந்தமானது’ என்று மட்டுமே பொருள்.

ஸ்போர்ட்ஸ் காரில் என்ன தனி?

அடிப்படை எல்லா பெட்ரோல் கார்களுக்கும் ஒன்றுதான். ஆனால் ஸ்போர்ட்ஸ் கார் எல்லாவற்றையும் விளிம்பில் வைத்து ஓட்டுகிறது. சாதாரண காரில் மறைந்திருக்கும் சிறு பலவீனம் இங்கே வெளியே வந்துவிடும்.

முதலில் டர்போ. டர்போ என்பது எக்ஸாஸ்ட் வாயுவின் விசையைக் கொண்டு கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் விசிறி. சிலிண்டருக்குள் காற்று நெருக்கமாக ஆக ஆக, அதன் ஊடே பொறி தாவ அதிக வோல்ட் தேவைப்படுகிறது. புதிய பிளக்கில் எளிதாகத் தாவிய பொறி, முனைகள் தேய்ந்து இடைவெளி அகன்ற பிறகு ஐடிலிங்கில் தாவும், முழு ஆக்சிலரேட்டரில் தாவாது. ‘மெதுவா போனா ஒண்ணுமில்ல, மிதிச்சா மட்டும் வெட்டுது’ என்று சொல்லும் டர்போ கார்க்காரர் தன்னையறியாமல் இந்த இயற்பியலைத்தான் விவரிக்கிறார். டியூனிங் செய்து டர்போ அழுத்தத்தை உயர்த்துபவர்கள் பிளக் இடைவெளியைச் சற்றுக் குறைப்பதும் இதனால்தான்.

அடுத்து சூடு. இன்ஜின் பின்னாலோ நடுவிலோ இருக்கும் கார்களில் காற்றோட்டம் குறைவு. போர்ஷே 911 போன்ற, சிலிண்டர்கள் படுத்த நிலையில் இருக்கும் இன்ஜின்களில் பிளக்கும் காயிலும் பக்கவாட்டில், தாழ்வாக, எக்ஸாஸ்ட் குழாய்களுக்கு அருகே உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்தில் சூடு, கீழே சாலையின் ஈரம். காயிலின் பிளாஸ்டிக் உறையில் மயிரிழை விரிசல் விழுந்தால், மழை நாளில் மின்சாரம் பிளக்கைத் தாண்டாமல் அந்த விரிசல் வழியாக உலோகத்துக்கு ஓடிவிடும். வெயில் வந்ததும் எல்லாம் சரியாகிவிடும். இப்படி வந்து வந்து மறையும் கோளாறுதான் ஆளைச் சோதிக்கும்.

மூன்றாவது உயர் சுழற்சி. ஹோண்டா எஸ்2000, போர்ஷே 911 ஜிடி3 போன்றவற்றில் சில மாடல்கள் 9000 ஆர்பிஎம்மை ஒட்டிச் சுழலக்கூடியவை. அந்த வேகத்தில் வால்வு ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வால்வு நேரத்துக்கு மூடாது. ஐந்தாம் கியரிலிருந்து நான்குக்குப் போக நினைத்துத் தவறி இரண்டில் போட்டுவிட்டால், சக்கரங்கள் இன்ஜினை அதன் வரம்புக்கு மேல் சுழற்றிவிடும். அப்போது ரெவ் லிமிட்டரால் எதுவும் செய்ய முடியாது. பெட்ரோலை நிறுத்தலாம், ஆனால் சுழற்றுவது சக்கரங்கள் அல்லவா! வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்தால், அன்று தொடங்கும் மிஸ்ஃபயர் எத்தனை காயில் மாற்றினாலும் போகாது.

(மாஸ்டா ஆர்எக்ஸ்-8 போன்ற ரோட்டரி இன்ஜின்களில் வால்வும் இல்லை, மேல்கீழ் ஓடும் பிஸ்டனும் இல்லை. அவற்றைச் சோதிக்கும் முறையே வேறு என்பதால் இங்கே தொடவில்லை.)

முதல் கேள்வி: எந்த சிலிண்டர்?

ஸ்கேனரை, அதாவது இசியூ பதிந்ததைப் படிக்கும் கருவியை, மாட்டிக் கோடைப் படித்ததும் பலர் செய்யும் தவறு, உடனே அதை அழித்துவிடுவது. தயவுசெய்து அழிக்காதீர்கள். கோடு பதிவான கணத்தில் ஆர்பிஎம் எவ்வளவு, இன்ஜின் சூடு எவ்வளவு, சுமை எவ்வளவு என்று இசியூ ஒரு படம் பிடித்தாற்போல் சேமித்து வைத்திருக்கும். இதற்கு ஃப்ரீஸ் ஃபிரேம் என்று பெயர். கோடை அழித்தால் அதுவும் போய்விடும். முதலில் எல்லாவற்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே சிலிண்டர் மட்டும் தவறுகிறது என்றால், அந்த சிலிண்டருக்கு மட்டுமே சொந்தமானவற்றில் தேட வேண்டும்: அதன் பிளக், காயில், இன்ஜெக்டர், வால்வுகள், அவற்றுக்குப் போகும் வயர். எல்லா சிலிண்டரும் மாறி மாறித் தவறினால் எல்லோருக்கும் பொதுவானதைத் தேட வேண்டும்: டேங்கிலிருந்து பெட்ரோலைத் தள்ளும் பம்ப், காற்றை அளக்கும் சென்சார், எங்கோ உள்ளே நுழையும் கணக்கில் வராத காற்று. வி வடிவ இன்ஜினிலோ படுத்த இன்ஜினிலோ ஒரு பக்கத்து சிலிண்டர்கள் மட்டும் தவறினால், அந்தப் பக்கத்துக்கு மட்டும் பொதுவானது எது என்று யோசிக்க வேண்டும். அருகருகே உள்ள இரண்டு மட்டும் தவறினால், அவற்றுக்கு நடுவே ஹெட் கேஸ்கெட் விட்டிருக்கலாம். ஹெட் கேஸ்கெட் என்பது இன்ஜினின் மேல்பகுதிக்கும் உடலுக்கும் நடுவே இருக்கும் அடைப்புத் தகடு.

ஆறு சிலிண்டரிலும் மிஸ்ஃபயர் இருக்கும்போது ஆறு காயில்களும் ஒரே நாளில் கெட்டிருக்கும் என்று நம்புவது கடினம். ஆனால் அப்படி நம்பித்தான் பலர் ஆறையும் மாற்றுகிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

இரண்டாம் கேள்வி: எப்போது?

காலையில் குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பியதும் சில நிமிடம் மட்டும் நடுங்கி, சூடானதும் சரியாகிறதா? பெட்ரோலை நேரடியாக சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜினாக இருந்தால், உள்ளிழுக்கும் வால்வுகளின் முதுகில் கரி படிந்திருக்கலாம். பழைய முறையில் பெட்ரோல் அந்த வால்வுகள்மேல் பட்டுக் கழுவிக்கொண்டே இருந்தது. நேரடி முறையில் அந்தக் கழுவல் இல்லை. இரவெல்லாம் சொட்டுச் சொட்டாக ஒழுகும் இன்ஜெக்டரும், ஹெட் கேஸ்கெட் வழியாக சிலிண்டருக்குள் கசியும் கூலண்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்)கூட இதே அறிகுறியைத் தரும். கூலண்ட் அளவு காரணமில்லாமல் குறைகிறதா என்று பாருங்கள்.

இதற்கு நேர்மாறாக, நன்றாகச் சூடான பிறகே தொடங்குகிறதா? காயிலைச் சந்தேகிக்க நியாயம் உண்டு. உள்ளே மெல்லிய கம்பிச் சுருளின் காப்பு பழுதாகியிருந்தால், சூட்டில் விரியும்போதுதான் அது தன்னைக் காட்டிக்கொடுக்கும்.

ஐடிலிங்கில் தவறி, ஆக்சிலரேட்டர் கொடுத்ததும் சரியாகிறது என்றால் காற்றுக் கசிவு ஞாபகத்துக்கு வர வேண்டும். வெடித்த ஒரு ரப்பர் குழாய் வழியாக நுழையும் காற்று ஐடிலிங்கில் பெரிய விகிதம். இன்ஜின் காற்றை மடமடவென்று இழுக்கும் வேகத்தில் அதே காற்று ஒன்றுமில்லை. மாறாக, ஐடிலிங்கில் அமைதி, முழுச் சுமையில் தவறல் என்றால் பொறி வலுவில்லை, அல்லது பெட்ரோல் போதவில்லை. பொறிக்கு மிகக் கடினமான இடம் உச்ச ஆர்பிஎம் என்று பலர் நினைப்பார்கள். ஆனால் சிலிண்டருக்குள் அழுத்தம் மிகுவது இழுவிசை உச்சத்தில் இருக்கும் நடு வேகத்தில், முழு ஆக்சிலரேட்டரில். சோதித்துப் பார்க்க வேண்டிய இடமும் அதுதான்.

சுருங்கச் சொன்னால், ‘எந்த சிலிண்டர்’ என்பது தேடும் இடத்தைச் சுருக்குகிறது. ‘எப்போது’ என்பது பொறியா, கலவையா, அமுக்கமா என்று பிரிக்கிறது. இரண்டையும் ஒரு தாளில் எழுதிவிட்டுத்தான் ஸ்பேனரைத் தொட வேண்டும்.

இடம் மாற்றிப் பார்த்தல்

ஒரு சிலிண்டர்தான் என்று உறுதியானால், செலவில்லாத, மிக நேர்மையான ஒரு சோதனை இருக்கிறது. நான்காம் சிலிண்டரின் காயிலை எடுத்து இரண்டாம் சிலிண்டரில் மாட்டுங்கள், இரண்டாவதின் காயிலை நான்கில் மாட்டுங்கள். இன்ஜின் நின்று ஆறிய பிறகுதான் இதைச் செய்ய வேண்டும். ஓடும் இன்ஜினில் காயிலைப் பிடுங்குவது ஆளுக்கும் இசியூவுக்கும் ஆபத்து. பிறகு கோளாறு வரும் அதே சூழ்நிலையில் ஓட்டிப் பாருங்கள். கோடு பி0304 இலிருந்து பி0302 ஆக மாறினால் குற்றவாளி காயில்தான், காயிலோடு கோளாறும் இடம் மாறிவிட்டது. மாறாமல் நான்கிலேயே நின்றால் காயில் நிரபராதி. அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டால் எதனால் மாறியது என்று தெரியாது, பொறுமை வேண்டும்.

கழற்றிய பிளக்கைத் துடைக்காமல் உற்றுப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நன்றாக எரிகிறது. கரி பூசினாற்போல் இருந்தால் பெட்ரோல் அதிகம். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது, பொறியோ அமுக்கமோ இல்லை. எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே வருகிறது. வெள்ளைப் பீங்கான் பகுதியில் பென்சிலால் கோடு கிழித்தது போல் மெல்லிய கருங்கோடு தெரிந்தால், மின்சாரம் முனையில் தாவாமல் பீங்கானின் மேல் வழுக்கி ஓடிய தடம் அது. அந்தத் தடம் காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் பதிந்திருக்கும். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது புதியதையும் கெடுத்துவிடும்.

உண்மையைச் சொல்லியே ஏமாற்றும் சென்சார்

எக்ஸாஸ்ட் குழாயில் ஆக்சிஜன் சென்சார் இருக்கிறது. புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால், பெட்ரோல் போதவில்லை என்று இசியூ முடிவெடுத்துக் கூடுதலாகப் பீய்ச்சச் சொல்லும். இப்படிக் கூட்டியும் குறைத்தும் செய்யும் திருத்தத்துக்கு ஃபியூவல் டிரிம் என்று பெயர். ஸ்கேனரில் சதவீதமாகத் தெரியும். கூட்டல் குறி என்றால் பெட்ரோலைக் கூட்டுகிறது. பூஜ்யத்திலிருந்து 10 சதவீதத்துக்குள் இருப்பது பொதுவாகக் கவலைப்பட வேண்டாத அளவு.

இப்போது ஒரு சிலிண்டரில் பொறியே வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். எரியாத காற்று அப்படியே வெளியேறுகிறது, அதன் ஆக்சிஜனும் சேர்ந்துதான். சென்சார் ‘ஆக்சிஜன் நிறைய இருக்கிறது’ என்று உள்ளதைத்தான் சொல்கிறது. இசியூ அதை ‘லீன்’ என்று புரிந்துகொண்டு அந்தப் பக்கத்து எல்லா சிலிண்டர்களுக்கும் பெட்ரோலைக் கூட்டுகிறது. ஸ்கேனரைப் பார்ப்பவர் ‘கலவை லீன், அதனால்தான் மிஸ்ஃபயர்’ என்கிறார். நடந்தது தலைகீழ்: மிஸ்ஃபயரால்தான் லீன் போலத் தெரிந்தது. காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கும் இந்த இடத்தில் அனுபவசாலிகளும் வழுக்கியிருக்கிறார்கள்.

டிரிம்மை நம்ப வேண்டுமானால் அதை வெவ்வேறு வேகங்களில் பாருங்கள். ஐடிலிங்கில் 20 சதவீதம் கூட்டி, 3000 ஆர்பிஎம்மில் இயல்புக்குத் திரும்பினால் காற்றுக் கசிவு. ஐடிலிங்கில் இயல்பு, சுமை ஏற ஏற கூடிக்கொண்டே போனால் பம்ப்போ ஃபில்டரோ பெட்ரோலைத் தர முடியாமல் திணறுகிறது.

பொறியும் கலவையும் சரி என்றால்

மிச்சம் அமுக்கம். எல்லா பிளக்குகளையும் கழற்றி, பெட்ரோலை நிறுத்தி, ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு துளையிலும் அழுத்தமானியை வைத்து ஸ்டார்ட்டரால் சுழற்றுவது கம்ப்ரஷன் சோதனை. எண்ணைவிட சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசமே முக்கியம். 10 முதல் 15 சதவீதத்துக்கு மேல் ஒன்று பின்தங்கினால் அதைத் தொடர்ந்து விசாரிக்க வேண்டும்.

அந்த விசாரணைக்குப் பெயர் லீக்டவுன் சோதனை. இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும் நிலையில் பிஸ்டனை நிறுத்தி, பிளக் துளை வழியாக அழுத்தக் காற்றைச் செலுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். காற்று உள்ளே வரும் வழியில் ‘உஸ்’ என்று கேட்டால் உள்ளிழுக்கும் வால்வு. எக்ஸாஸ்ட்டில் கேட்டால் வெளியேற்றும் வால்வு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் கேட்டால் ரிங். ரேடியேட்டரில் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கெட். இன்ஜினைப் பிரிக்காமலேயே எங்கே கசிகிறது என்று சொல்லிவிடும் இந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்தமானது. பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கும் முன் செய்துவிடுவது நல்லது.

விளக்கு மின்னினால்

நிலையாக எரியும் விளக்கோடு மெதுவாக வீடுவரை ஓட்டிப் போகலாம். மின்னும் விளக்கு அப்படியல்ல. உடனே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், விளக்கு மின்னுவது நிற்காவிட்டால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்கள். சிலிண்டரில் எரியாத பெட்ரோலும் காற்றும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்குள் போகின்றன. அது புகையின் நச்சைக் குறைக்கும், உள்ளே தேன்கூடு போன்ற அமைப்புள்ள பாகம். அதன் சூட்டில் அந்தப் பெட்ரோல் உள்ளேயே எரிந்து, வெப்பம் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். இதைத் தடுக்கத்தான் பல கார்களில் இசியூ தவறும் சிலிண்டருக்குப் பெட்ரோலையே நிறுத்திவிடுகிறது. ஆக, ஸ்கேனரில் ஒரு இன்ஜெக்டர் வேலை செய்யாததைக் கண்டால், அது கெட்டதா அல்லது இசியூ நிறுத்தி வைத்ததா என்று முதலில் பாருங்கள்.

மிஸ்ஃபயரைச் சரிசெய்த பிறகும் மேல் வேகத்தில் மூச்சுமுட்டுவது போல் இருந்தால், உருகிய கன்வர்ட்டர் வழியை அடைத்திருக்கலாம். சரியாகிவிட்டது என்று முடிவு செய்யும் முன், எழுதி வைத்த அந்தத் தாளை எடுங்கள். கோடு முதலில் பதிவான அதே ஆர்பிஎம், அதே சூடு, அதே சுமையில் ஓட்டி, ஸ்கேனரில் அந்த சிலிண்டருக்கு எதிரே உள்ள தவறல் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நிற்கிறதா என்று பாருங்கள்.